கோப்பையின் ஈரம்: திகில் கதையில் யாருக்கு எது தெரிய வேண்டும்?

திகில் கதை எழுதத் தொடங்குபவர் பேயைத் தேடுகிறார். த்ரில்லர் எழுதத் தொடங்குபவர் கொலைகாரனைத் தேடுகிறார். இரண்டுக்கும் முன்னதாக முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சியிலும் வாசகருக்கு எவ்வளவு தெரியும், பாத்திரத்துக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஒரு தாளில் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் நிறைந்த பிறகே முதல் வரிக்குப் போங்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தனியாக வசிக்கும் ஒரு பெண் காலையில் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகிறாள். இரவு திரும்பி வந்து எடுக்கும்போது கோப்பை ஈரமாக இருக்கிறது.

அவளும் வாசகரும் ஒரே நேரத்தில் அந்த ஈரத்தைக் கவனித்தால், இருவருக்கும் ஒரே கேள்வி எழுகிறது, அது மர்மம். மாறாக, பிற்பகலில் யாரோ வீட்டுக்குள் வந்து அதே கோப்பையில் தண்ணீர் குடித்ததை வாசகர் முந்தைய காட்சியிலேயே பார்த்திருக்க, அவள் எதையும் கவனிக்காமல் கோப்பையை அலமாரியில் வைத்தால், அந்தச் சின்னச் செயலே தாங்க முடியாததாகிவிடுகிறது. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் த்ரில்லர் படங்களின் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் விளக்கியது இதைத்தான்: மேசைக்கடியில் இருக்கும் குண்டு எதிர்பாராமல் வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, குண்டு இருப்பதை முன்பே சொல்லிவிட்டால் பதினைந்து நிமிடப் பதைப்பு. ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் வெளியிட்ட நாவலில் கொலையைத் தொடக்கத்திலேயே நம் கண்முன் நடத்திவிடுகிறார். அதை மறைக்க உதவும் ஒரு கணித ஆசிரியர் உண்மையில் என்ன செய்தார் என்பதை மட்டும் கடைசிவரை பிடித்துவைத்திருக்கிறார்.

மூன்றாவது வழியே எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் கடினமானதும் அதுதான். அவள் ஈரத்தைப் பார்க்கிறாள், வியப்படையாமல் துணியால் துடைக்கிறாள், நம்மிடம் எதுவும் சொல்வதில்லை. இப்போது வாசகருக்குத்தான் குறைவாகத் தெரிகிறது; அவளைப் பற்றியே அச்சம் பிறக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் கில்லியன் ஃப்ளின் 2012இல் எழுதிய நாவலில் கணவனும் மனைவியும் மாறி மாறிக் கதை சொல்ல, இருவரையுமே முழுதாக நம்ப முடியாமல் போவது இதன் வலிமைக்குச் சான்று. இந்த வழியில் ஒரு நேர்மை கட்டாயம் வேண்டும்: கதைசொல்லி ஒன்றைச் சொல்லாமல் விடலாம், பொய்யும் சொல்லலாம், ஆனால் திரும்பப் படிக்கும் வாசகருக்கு அதற்கான தடயம் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

அடுத்தது, எப்போது காட்டுவது என்பது. ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் மறைந்த பின் 1826இல் வெளியான அவரது கட்டுரை, மனத்தை விரியச் செய்யும் அச்சத்தையும் உறைய வைக்கும் கோரத்தையும் வேறுபடுத்தியது. முன்னதன் ஊற்று தெளிவின்மை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்கும் 1981இல் எழுதிய நூலில், கதவுக்குப் பின்னால் இருப்பதே அதிகம் அச்சுறுத்துகிறது என்கிறார்: கதவு திறந்து பத்தடிப் பூச்சி தெரிந்தால், நூறடி இல்லையே என்று மனம் ஆறுதலடைந்துவிடும். ஆனால் கதவைத் திறக்கவே மறுப்பது வெல்வதற்காக அல்லாமல் சமன் செய்வதற்காக ஆடுவதுதான் என்று அவர் கருதுகிறார், நானும் அதை ஏற்கிறேன். ஆகவே திறப்பதைத் தள்ளிப்போடுங்கள். திறக்கும்போது முழு உருவத்தை விவரிக்காமல் ஓர் உறுப்பு, ஒரு வாசனை, ஓர் அசைவு என்று நிறுத்துங்கள்.

எழுதி முடித்ததும் ‘பயங்கரமான’, ‘திடீரென்று’ போன்ற சொற்களை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். காட்சி தளர்ந்துபோனால் பிழை முதலில் எழுதிய தாளில் இருக்கிறது. அங்கே திரும்பி, வாசகருக்கு ஒரு தகவலை முன்னதாகக் கொடுங்கள் அல்லது ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

முடிவைப் பொறுத்தவரை இரு வகைகளும் பிரிகின்றன. உள்ளே வந்தது யார், வீட்டுச் சாவி அவரிடம் எப்படி வந்தது என்பதற்கு த்ரில்லர் பதில் சொல்லியே ஆக வேண்டும். திகில் கதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை: அமெரிக்க எழுத்தாளர் பால் ட்ரெம்ப்லே 2015இல் எழுதிய நாவலில் கதைசொல்லியின் அக்காவைப் பிடித்தது பேயா நோயா என்பது கடைசிவரை தீர்வதில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவள் அந்தக் கோப்பையை என்ன செய்தாள் என்பதை எழுதாமல் விடாதீர்கள்.