குதித்ததும் கழலும் நீச்சல் கண்ணாடி

மாஸ்டர்ஸ் என்னும் பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகளில் 25 வயதிலிருந்து சேரலாம். ஐந்தைந்து வயதாகப் பிரிவு உண்டு, அதனால் சின்னப் பசங்களோடு மோத வேண்டாம். எனக்குத் தொல்லை கொடுத்தது கண்ணாடிதான். மேடையிலிருந்து குதித்ததும் வாய்க்கு இறங்கிவிடும். மிச்ச தூரமெல்லாம் குருட்டு நீச்சல். வாரை இறுக்கிப் பார்த்தேன், தலைவலிதான் வந்தது.

கோளாறு தலையைத் தூக்குவதில் இருந்தது. தண்ணீரைத் தொடும் நொடியில் முன்னால் பார்த்தால் தண்ணீர் நேராகக் கண்ணாடியில் அறையும். அப்புறம் முகவாயை லேசாக உள்ளிழுத்து, மேற்கைகள் காதுகளை அழுத்த, விரல்நுனி நுழைந்த இடத்திலேயே தலையும் நுழையும்படி பழகினேன். வாருக்கு மேல் தொப்பி.

அது கைவரும்வரை போட்டிகளில் குதிக்காமல், தண்ணீருக்குள்ளிருந்து சுவரை உதைத்தே கிளம்பினேன்; மாஸ்டர்ஸ் விதி அதற்கு இடம் தருகிறது. மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் இந்தப் பாடே இல்லை, எல்லோரும் தண்ணீருக்குள்ளிருந்துதான் தொடங்குவார்கள்.