மூன்று நாள் சலக் கொப்பி: முதன்முதலாக எழுதுபவர்களுக்கு

அம்மாவுக்குச் சலம் (சிறுநீர்) முட்டினால், கிணற்றடி தாண்டிப் பின்வளவுக் கக்கூசுக்குப் போய்ச் சேர முதலே சீலை நனைந்துவிடும். விசுவமடுவில் இருந்து பஸ் ஏறுகிற நாளென்றால் விடியத் தேத்தண்ணியும் குடிக்கமாட்டா. கிளினிக்கில், "எத்தனை தரம் போறீங்கள் அம்மா?" என்று கேட்டபோது பின் வாங்கில் தெரிந்த சனம் இருந்தது. "அடிக்கடி போறனான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டா. அடுத்த முறை, எப்போது எவ்வளவு குடித்தா, எவ்வளவு சலம் போனது என்று மூன்று நாள் எழுதிய கொப்பியை நீட்டினோம். டொக்டர் வாசித்தார், அம்மா தலையை மட்டும் ஆட்டினா.

சலப்பை நிறைய முதலே இறுகி, திடீரென்று அடக்கமுடியாமல் முட்டுவது ஒரு வருத்தம். வயது போனால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, வைத்தியம் இருக்கிறது. அதன் தொடக்கம் இந்தக் கொப்பி.

அளக்கும் பாத்திரம்

மில்லிலீற்றர் கோடு போட்ட பிளாஸ்ரிக் ஜக் ஒன்று போதும். கிடைக்காவிட்டால் 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டுங்கள். பிள்ளையின் பால் போத்தலால் 100, 100 மி.லீ. ஆகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் வெளியே மார்க்கர் பேனையால் கோடு போடுங்கள். பெண்களுக்கு அகன்ற பேசினில் பிடித்துப் பிறகு ஜக்கில் ஊற்றுவது சுகம். குடிக்கும் பேணியையும் ஒருமுறை அளந்து வையுங்கள். அம்மாவின் பேணி 300 மி.லீ. பிடித்தது.

கோடு போடுதல்

ஒற்றைக் கொப்பியில் ஐந்து நிரல்: நேரம், குடித்தது, சலம், முட்டல், கசிவு. முட்டலுக்கு நாங்கள் 0 முதல் 3 வரை வைத்தோம். 0 என்றால் முட்டலே இல்லை, 1 அடக்கலாம், 2 ஓடவேண்டும், 3 போய்ச் சேரமுடியவில்லை. அம்மாவின் பக்கத்தில் இருந்து இரண்டு வரி:

காலை 6.30 – பிளேன்ரீ 200
காலை 7.40 – சலம் 80 – முட்டல் 3 – கொஞ்சம் கசிந்தது, பைப்பைத் திறந்தபோது

அந்தப் "பைப்பைத் திறந்தபோது" மிகவும் பெறுமதியானது. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பலருக்கு முட்டும். இருமியபோதா, வாளி தூக்கியபோதா, வாசலில் திறப்பைப் போட்டபோதா என்பதையும் அப்படியே எழுதுங்கள். இருமும்போது கசிவது வேறு வகை, அதற்கு வைத்தியமும் வேறு.

எழுதும் நாட்கள்

மூன்று நாளும் அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற நாளை விட்டுவிட்டு, வழமையான நாட்களாகப் பாருங்கள். முதல் நாள் எழும்பியவுடன் போகும் சலத்தைச் சேர்க்கவேண்டாம், அது முந்திய இரவின் கணக்கு. அதற்குப் பிறகு தொடங்கி, மறுநாள் எழும்பியவுடன் போவது வரை எழுதுங்கள். படுத்த நேரம், எழும்பிய நேரம் இரண்டும் வேண்டும். இரவில் ரோச்சும் பேனையும் தலைமாட்டில் இருக்கட்டும். விடிந்த பிறகு நினைத்து எழுதினால் பிழைக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கணக்கு நன்றாக வரட்டும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். வன்னி வெயிலில் அது ஆபத்து. சலம் கடுமையாகி முட்டலும் கூடும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் அலைகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். ஏற்கனவே தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அதன்படியே குடியுங்கள்.

கொப்பி சொல்வது

பகலில் 8 தரத்துக்கு மேல், ஒவ்வொரு தரமும் 80, 100 என்று கொஞ்சமாக, முட்டலோடு என்றால் சலப்பை அவசரப்படுகிறது என்று நினைக்க இடமுண்டு. ஒவ்வொரு தரமும் நிறையப் போய், நாளுக்கு 3 லீற்றரைத் தாண்டினால் சீனி வருத்தத்தையும் பார்ப்பார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு, முழுநாள் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் (விடியற்காலை முதற்சலமும் இதில் சேரும்) கால் வீக்கம், இருதயம், குளிசை நேரம் என்று வேறு இடத்தில் தேடுவார்கள். ஆகவே குடிக்கும் குளிசைகளின் பெயரையும் நேரத்தையும் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். முடிவை டொக்டரே சொல்லட்டும்.

சலத்தில் இரத்தம், எரிவோடு காய்ச்சல், சலம் அடைத்துக்கொள்ளுதல், கால் விறைப்பு இருந்தால் மூன்று நாள் காத்திராமல் உடனே போங்கள். போர்க்காலத்தில் முதுகில் காயப்பட்டவர்கள், ஷெல் துண்டு உள்ளே இருப்பவர்கள் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நரம்பு பாதித்த சலப்பைக்கு வைத்தியம் வேறு.

கொப்பியைக் கொடுக்க முதல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துப் பழகும் பயிற்சி தந்தால் குறைந்தது 6 வாரம் செய்யச் சொல்வார்கள். அது முடிய இன்னொரு மூன்று நாள் எழுதி, பழைய பக்கத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவின் இரண்டாம் கொப்பியில் 7.40 வரியில் சலம் இல்லை. 8.25 இல் 190, முட்டல் 1.