புளூபெல் பூக்கும் கிழமையைப் பிடிப்பது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு வசந்தகாலப் படப் பயணம்

புளூபெல் என்பது வசந்தத்தில் இங்கிலாந்துக் காடுகளின் தரையை நீலக் கம்பளமாக மூடும், மணி போலத் தொங்கும் பூ. இப்படிக் காட்டுத் தரையில் பூக்கும் வசந்தப் பூக்களுக்குக் காலம் மிகக் குறைவு. இங்கிலாந்தின் ஓக், பீச் மரங்கள் குளிர்காலம் முழுக்க மொட்டையாக நிற்கும். மார்ச்சில் மண் கொஞ்சம் சூடேறும்போது மேலே இலை இல்லாததால் வெயில் நேரே தரைக்கு இறங்கும். அந்த இடைவெளிக்குள் முளைத்து, பூத்து, அடுத்த வருடத்துக்கான சாப்பாட்டையும் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். மே நடுப்பகுதியில் இலை மூடிக்கொள்ள, தரை இருண்டுவிடும். விசா, ரிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றின் திகதியையும் இந்தக் கணக்கிலிருந்துதான் பின்னோக்கிப் போட வேண்டும்.

பூக்கும் ஒழுங்கு இப்படி: மஞ்சள் செலண்டைன் மார்ச்சிலேயே வந்துவிடும். வெள்ளை வுட் அனிமோனி மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. புளூபெல் தென் இங்கிலாந்தில் ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி, கடைசிக் கிழமையை ஒட்டி உச்சத்துக்குப் போய், மே முதல் கிழமை தாண்டியதும் வெளிறத் தொடங்கும். ராம்சன்ஸ் என்ற காட்டுப்பூண்டு அதன் பின்னாலேயே வெள்ளையாக விரியும். குளிர்காலம் எப்படிப் போனது என்பதைப் பொறுத்து இவை ஒரு கிழமை முந்தலாம், பிந்தலாம். அதனால் நாலைந்து நாள் பயணம் சூதாட்டம்தான். ஏப்ரல் 19 முதல் மே 4 வரை அங்கே நின்றால் அனிமோனியின் கடைசியும் புளூபெல்லின் உச்சமும் பூண்டின் தொடக்கமும் கைக்குள் வரும். நமக்கு இது வசதியான காலமும்கூட. சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டில் நின்று கைவிசேஷம் வாங்கிவிட்டே புறப்படலாம்.

வசந்தம் முந்திவிட்டது என்று தெரிந்தால் வடக்கே போங்கள். ஸ்கொட்லாந்தில் புளூபெல் மே நடுப்பகுதியிலும் நிற்கும். பெல்ஜியத்தில் பிரசல்ஸுக்குத் தெற்கே உள்ள ஹாலர்பொஸ் காடு இன்னும் பெயர்போனது; அங்கே ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்தே போகலாம், பூத்த நிலையை அந்தக் காட்டின் இணையத்தளமே படத்துடன் போடும். ஆனால் பிரித்தானிய விசாவில் பெல்ஜியத்துக்குள் போக முடியாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். முதல் பயணத்தில் இரண்டையும் சேர்க்க நினைப்பது தேவையில்லாத அலைச்சல்.

விசா

பிரித்தானியச் சுற்றுலா விசாவுக்குப் பயணத் திகதிக்கு முந்திய மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் 19 பயணம் என்றால் ஜனவரி 19க்குப் பின். முடிவு வரச் சாதாரணமாக மூன்று கிழமை என்பார்கள். அதை நம்பி மார்ச் வரை இழுக்காதீர்கள். விண்ணப்பம் இணையத்தில், கைரேகையும் படமும் கொழும்பில். திருகோணமலையிலிருந்து அதே நாளில் போய் வரலாம் என்று காலை நேரத்தைத் தெரிவு செய்பவர்கள் இரவுப் பஸ் பிந்தினால் மாட்டிக்கொள்வார்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள், அல்லது பிற்பகல் நேரம் எடுங்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்கு, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். வங்கிக் கூற்றில் விண்ணப்பத்துக்கு முதல் மாதம் திடீரென ஒரு பெருந்தொகை விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் தாள் வைக்க வேண்டும். மறுப்புக்கு இது வழக்கமான காரணம். லண்டனில் மாமா, சித்தி வீட்டில் தங்குவதென்றால் அவர்களின் அழைப்புக் கடிதம், முகவரி ஆதாரம், அங்கே இருப்பதற்கான உரிமையின் பிரதி. வேலை செய்பவர் லீவுக் கடிதத்தை மறக்கக்கூடாது. பயண நோக்கத்தில் ‘காட்டுப்பூக்களைப் படமெடுக்க’ என்று உள்ளதை எழுதலாம், தவறில்லை. ஆனால் போன இடத்தில் சொந்தக்காரரின் கலியாணத்தைக் காசுக்குப் படமெடுத்துக் கொடுப்பது இந்த விசாவில் வேலை செய்வதாகும். அனுமதி இல்லை.

ஒரு காடு போதும்

பலர் ஐந்து காடுகளின் பெயரை எழுதி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நண்பகல் நின்று, ஐந்திலும் சாதாரணப் படங்களோடு திரும்புகிறார்கள். தங்கும் வீட்டுக்குக் கிட்டே ஒரு காட்டைத் தெரிந்து, அதற்கே நாலைந்து தடவை போவது பன்மடங்கு பலன் தரும். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் உறவினர் இருந்தால் வான்ஸ்டெட் பார்க்கில் உள்ள ஷலே வுட். அனுமதி இலவசம், பாதையின் இரு பக்கமும் மரக்குற்றிகளைப் படுக்கவைத்துப் பூவுக்கு எல்லை போட்டிருக்கிறார்கள். ஹரோ, வெம்பிளி என்றால் ரைஸ்லிப் காடுகள். டூட்டிங், குரொய்டன் என்றால் பான்ஸ்டெட் வுட்ஸ். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள அஷ்ரிட்ஜின் டொக்கி வுட் பார்க்கத் தனி அழகு. ஆனால் கார் இல்லாமல் சிரமம், பூக்காலத்தில் கட்டணமும் இருக்கலாம்.

முதல் நாள் கமராவைக் குறைவாகப் பாவித்துக் காட்டைச் சுற்றுங்கள். வெயில் எந்தப் பக்கத்தால் நுழைகிறது, பாதை எங்கே வளைகிறது, பின்னணியில் வீட்டுக் கூரையோ குப்பைத்தொட்டியோ தெரியாத இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறும் மே முதல் திங்கள் விடுமுறையும் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு உரியவை. அந்த நாட்களில் உறவினர் வீட்டு விருந்துகளை முடித்துவிடலாம்.

ஏப்ரல் கடைசியில் லண்டனில் சூரியன் 5.40 அளவில் உதித்து, இரவு 8.20 அளவில் மறையும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக ஏறுவதால் காலையில் நல்ல வெளிச்சம் அரை மணித்தியாலம் நின்றால் பெரிது. அங்கே அது சாய்ந்து ஏறிச் சாய்ந்தே இறங்கும். தணிந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மரங்களுக்கிடையே கிடக்கும். விடியலில் காற்றும் குறைவு, சில நாள் மூடுபனியும் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்துக்கு ரயில் அரிது. மாமாவைத் தினமும் நாலரைக்கு எழுப்பினால் மூன்றாம் நாள் முகம் மாறும். இரண்டு விடியல் போதும். மற்ற நாட்களில் மாலை 6.30 முதல் 8 வரை போங்கள்.

அனிமோனிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. குளிரிலும் மழையிலும் இருட்டிலும் அது இதழை மூடித் தலையைத் தொங்கவிடும். வெயில் பட்டுச் சூடேறிய பிறகு, காலை 10 மணிக்குப் பின்தான் விரியும்.

பூவை அறிந்து எடுப்பது

நகரத்துக் காடுகளில் ஸ்பானிய புளூபெல்லும் கலப்பினமும் நிறைய. சுதேசிப் பூ என்று தலைப்பிட்டுக் கலப்பினத்தைப் போட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். குனிந்து பாருங்கள்: சுதேசிப் பூவின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து, மணிகள் எல்லாம் அந்தப் பக்கமே தொங்கும். இதழ் நுனி நன்றாகப் பின்னால் சுருண்டிருக்கும். மகரந்தம் பாலாடை வெள்ளை, வாசம் இனிப்பு. ஸ்பானியப் பூவில் தண்டு நிமிர்ந்து நிற்கும், மணி சுற்றிவர இருக்கும், மகரந்தம் நீலம், வாசம் இல்லை என்றே சொல்லலாம். இரண்டுக்கும் இடையில் இருந்தால் கலப்பினம்.

பாதையை விட்டு ஒரு அடியும் உள்ளே வைக்கக்கூடாது. மிதிபட்ட இலை நிமிராது. இலை போனால் கிழங்குக்கு அந்த வருடச் சாப்பாடு போச்சு. விதையிலிருந்து ஒரு செடி பூக்கும் நிலைக்கு வர ஐந்து வருடமாவது எடுக்கும். நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். செடி முழுக்க நஞ்சும்கூட.

உள்ளே போக முடியாததால் லென்ஸ் தெரிவும் மாறுகிறது. அகலக் கோண லென்ஸை நின்ற உயரத்திலிருந்து பிடித்தால் பூவுக்கிடையே மண்தான் தெரியும்; நீலக் கம்பளம் படத்தில் பொத்தலாகும். தூரத்தை நெருக்கிக் காட்டும் 70–200 மில்லிமீட்டர் லென்ஸில் 135க்கு மேல் வைத்து, கமராவைத் தரையிலிருந்து 30 முதல் 50 சென்டிமீட்டருக்கு இறக்கி, பாதையின் வளைவைக் குறுக்காகப் பாருங்கள். முன் பூவும் பின் பூவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடைவெளி மறையும். முழுச் சென்சர் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு) கமராவில் 135 மில்லிமீட்டர், எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் சிறுத்தால் துவாரம் பெரிது, கூர்மை ஆழம் குறைவு), பத்து மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக நிற்பது ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆழம்தான். எது கூர்மையாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள். பெரும்பாலும் முதல் வரிசை மரத்தின் அடியும் அதன் முன்னால் உள்ள பூவும்தான் படத்தைத் தாங்கும்.

ஒற்றைப் பூவுக்கு 90 அல்லது 105 மில்லிமீட்டர் மக்ரோ, அதாவது மிகக் கிட்டே எடுக்கும் லென்ஸ். பூ சென்சரில் அதன் உண்மை அளவிலேயே விழும்படி நெருங்கினால் எஃப் 8இலும் ஒரு மில்லிமீட்டர் அளவே கூர்மை கிடைக்கும். மூச்சு விட்டாலே போய்விடும். அதனால் ஒரு தண்டு முழுவதும் சட்டத்துக்குள் வரும் தூரத்தில் நின்று, எஃப் 4இல் பின்னணியைக் கரைப்பது நல்லது. காற்று இருந்தால் ஷட்டர் வேகம் 1/250 செக்கனுக்குக் கீழே போகாதீர்கள்; ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு; கூடினால் படத்தில் புள்ளி விழும்) 1600 வந்தாலும் பரவாயில்லை. அசைந்த படத்தைத் திருத்த வழியில்லை, புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம். வெள்ளைப் பூக்களுக்கு வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள், இல்லாவிட்டால் இதழின் நரம்பு அழிந்துவிடும். ஈரமான இலையின் பளபளப்பை நீக்க, லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் கண்ணாடி கட்டாயம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை அது தின்னும்.

நடுக்கம்பி நீளமான ட்ரைபொட் தரைவரை இறங்காது. அதற்குப் பதில் ஸிப் வைத்த வெறும் துணிப்பை ஒன்று தைத்துக்கொண்டு போங்கள். அங்கே தமிழ்க் கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் கமரா அதில் ஆடாமல் உட்காரும். திரும்பும் நாளில் அரிசியைச் சித்தியின் குசினியில் கொட்டிவிடலாம், நனையாமல் இருந்தால்.

போனில் எடுப்பவர்கள் அகலக் கோணத்தை விட்டு இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸுக்குப் போய், போனைத் தலைகீழாகப் பிடித்துத் தரைக்குக் கொண்டுபோங்கள். லென்ஸ் பூவின் உயரத்துக்கு இறங்கும்.

உடம்பும் பொருட்களும்

விடியலில் 5 பாகை அளவில் இருக்கும். குளிரங்கிக்கு இங்கே காசு செலவழிக்காதீர்கள், லண்டன் வீடுகளில் மேலதிகமாக ஒன்று தொங்கும். முழங்காலுக்குக் கீழே போட ஒரு தடித்த பொலித்தீன், ஈரம் புகாத சப்பாத்து, காஞ்சோண்டி போலக் கடிக்கும் நெட்டில் செடிக்காக முழு நீளக் காற்சட்டை. காற்சட்டை நுனியை மேஸுக்குள் செருகுங்கள். அந்தக் காட்டு உண்ணி லைம் நோயைப் பரப்பும். ஒட்டியிருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றி விரியும் சிவப்புத் தடம் சில கிழமைக்குப் பின்னும் வரலாம், அதாவது நீங்கள் ஊர் திரும்பிய பின். அப்படி வந்தால் டொக்டரிடம் இங்கிலாந்துக் காட்டில் இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். நம் பக்கம் அந்த நோய் அவர் மனதில் முதலில் வராது.

மேலதிகப் பற்றரிகள் விமானத்தில் கைப்பையில் மட்டும். சதுர முனை மூன்று கொண்ட பிளக் என்றால் அங்கேயும் அதுவே பொருந்தும். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்ததும் கமராப் பையைத் திறக்காதீர்கள். லென்ஸில் நீர் பூக்கும். ஒரு மணித்தியாலம் மூடியபடியே வையுங்கள்.

புறப்படும் முன் பயிற்சிக்குத் தும்பைப் பூ நல்லது: சின்னது, வெள்ளை, தரையோடு நிற்பது. நிறத்துக்குச் சங்குப்பூ. வளவில் மாமர நிழலில் அதை எடுத்தால் அங்கே வரப்போகும் தொல்லை இங்கேயே தெரியும். சுற்றிவரப் பச்சை நிறைந்திருப்பதால் கமராவின் தானியங்கி வைட் பலன்ஸ் (நிறச் சமன்) அதைச் சமன் செய்ய மஜெந்தா என்ற சிவப்பு ஊதாவைக் கூட்டும். நீலப் பூ ஊதாவாகிவிடும். கமரா மாற்றாமல் சேமிக்கும் ரோ கோப்பில் எடுத்து, வைட் பலன்ஸை 5200 கெல்வினில் பூட்டி, அதே நிழலில், நிறத்தை ஒப்பிட உதவும் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் முதலில் அட்டைப் படத்தை வைத்து நிறத்தைச் சரிசெய்து, பிறகும் பூ ஊதாவாகவே நின்றால் ஊதா நிறத்தின் ஹியூ (நிறச்சாயல்) ஸ்லைடரை மட்டும் நீலப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். செறிவைக் கூட்டாதீர்கள், நீலச் சானல் (படத்தின் நீல நிறப் பங்கு) உச்சத்தில் முட்டினால் மணியின் மடிப்புகள் ஒரே தட்டையாகிவிடும். புளூபெல்லின் நிறம் நீலமும் ஊதாவும் கலந்ததுதான், முழு நீலமாக்கினாலும் பிழை.