வளாக பஸ் எங்கே வருகிறது: முதற்செயலி கட்டுவோருக்கான செய்முறை

மட்டக்களப்பு நகரிலிருந்து வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வேண்டிய மாணவர், தன்னாமுனையிலோ ஏறாவூரிலோ வெயிலில் நின்றபடி, பஸ் போய்விட்டதா, இனித்தான் வருமா என்று தெரியாமல் தவிக்கக்கூடாது. அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லும் செயலியை, செயலிகள் எழுத உதவும் கருவியான ஃபிளட்டரையும், புதிய தகவலை உடனுக்குடன் தொலைபேசிகளுக்கு அனுப்பும் இணையத் தரவுத்தளமான ஃபயர்பேஸின் ரியல்டைம் டேட்டாபேஸையும் கொண்டு கட்டும் முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: சாரதிக்கான திரையில் பயணத்தைத் தொடங்கவும் முடிக்கவும் இரண்டு பொத்தான்கள் போதும். அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே இருப்பிடம் அனுப்பப்பட வேண்டும். சாரதியின் மற்ற நேரத்தை அறிய நமக்கு உரிமையில்லை. தொடங்கும்போதே பஸ் வளாகத்துக்குப் போகிறதா, நகருக்குத் திரும்புகிறதா என்பதையும் பதிவுசெய்யுங்கள்.

படி 2: சாரதியின் தொலைபேசி 10 விநாடிக்கு ஒருமுறை அகலக்கோடு, நெடுங்கோடு, நேரம் ஆகியவற்றை அனுப்பட்டும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ் அந்த இடைவெளியில் 100 மீற்றரே நகரும் என்பதால் இது போதுமானது. ஒவ்வொரு முறையும் பழைய பதிவின் மேலேயே எழுதுங்கள். திரை அணைந்ததும் அனுப்புதல் நின்றுவிடுவதே புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். அன்ட்ரொய்டில் நிரந்தர அறிவித்தலுடன் இயங்கும் முன்புலச் சேவையாக இதனை அமைத்தால் அச்சிக்கல் தீரும்.

படி 3: டேட்டாபேஸைச் சோதனை நிலையில் உருவாக்கினால் யாரும் அதில் எழுதலாம். ஆகவே சாரதியின் கணக்கு மட்டுமே எழுதலாம் என்ற விதியை முதல் நாளே இடுங்கள். இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளே அனுமதிக்கப்படுவதால், மாணவர் திரையை விட்டு வெளியேறியதும் அவரது இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

படி 4: செயலியின் உயிர் வருகை நேரக் கணிப்பில்தான் இருக்கிறது. பூமியின் ஆரையை 6371 கிலோமீற்றராகக் கொண்டு இரு புள்ளிகளுக்கிடையிலான நேர்கோட்டுத் தூரத்தைக் கணிக்கும் சூத்திரத்தையே பலர் முதலில் பயன்படுத்துகிறார்கள். வாவி சூழ்ந்த நம் ஊரில் அது ஏமாற்றிவிடும். கல்லடியில் நிற்பவருக்கு அக்கரையிலுள்ள பஸ் மிக அருகில் இருப்பதாகக் காட்டும், ஆனால் அது பாலத்தைச் சுற்றியே வரவேண்டும். எனவே ஒருமுறை முழு வழியும் பயணித்து, ஏறத்தாழ 50 மீற்றருக்கு ஒரு புள்ளியைச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்திலிருந்தான வீதித்தூரத்தை எழுதிவையுங்கள். பஸ்ஸுக்கு மிக அருகிலுள்ள புள்ளியின் தூரத்தைத் தரிப்பிடத்தின் தூரத்திலிருந்து கழித்தால் மீதி கிடைக்கும். திரும்பும் பயணத்தில் கழித்தலின் வரிசை மாறும். மீதி 6 கிலோமீற்றர், அண்மைய சில நிமிடங்களின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால், பஸ் வர 12 நிமிடம். பஸ் நிற்கும்போது வேகம் பூச்சியமாகிக் கணக்கு உடையும். அப்போது முந்தைய பயணங்களின் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

படி 5: மாணவரின் திரையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை, அதற்குரிய நன்றிக்குறிப்புடன் காட்டலாம். அதைவிட முக்கியமானது, இருப்பிடம் எத்தனை விநாடிக்கு முன் வந்தது என்ற வரி. 2 நிமிடத்துக்கு மேல் புதிய தகவல் இல்லையெனில் பஸ்ஸின் குறியைச் சாம்பல் நிறமாக்கி, நிமிடக் கணக்கை மறைத்துவிடுங்கள். பழைய இடத்தைப் புதியதுபோல் காட்டினால் மாணவர் பஸ்ஸைத் தவறவிடுவார்.

படி 6: நீங்கள் பஸ்ஸிலும் நண்பர் செங்கலடிச் சந்தியிலும் இருந்து, செயலி சொன்ன நேரத்தையும் பஸ் வந்த நேரத்தையும் ஒரு வாரம் குறித்துவாருங்கள். ஆட்கள் ஏறி இறங்க அதிக நேரம் எடுக்கும் தரிப்பிடங்கள் அந்தக் குறிப்பில் தெரியவரும். அந்த நிமிடங்களை அதற்கு அடுத்த தரிப்பிடங்களின் கணிப்பில் சேர்த்துவிடுங்கள்.