தாம்பரத்தில் புது ஃபிளாட் வாங்குகிறீர்களா? பூச்சு ஏறும் முன் போய்ப் பாருங்கள்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, தாம்பரத்துல ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன். ஸ்டேஷன்லேருந்து பத்து நிமிஷம்தான். மாடல் ஃபிளாட் ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கணுமாம்."

"மாடல் ஃபிளாட் இருக்கட்டும் மாப்ளே. கட்டிக்கிட்டு இருக்கிற கட்டடத்துக்குள்ள போய்ப் பாத்தியா?"

"விடல மாமா. வேலை நடக்குது, ஆபத்துன்னு சொன்னாங்க."

அவனுக்காக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்ததுதான் இது. பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே 24 வருடம் சைட் சூப்பர்வைசராக வேலை பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் பகுதியில் தெருவுக்கு இரண்டு பழைய வீடு இடிபடுகிறது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. அப்புறம் வேகம் இன்னும் கூடிவிட்டது. கிணறும் தென்னையும் இருந்த தரைதள வீடுகள் இருந்த இடத்தில் கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட், மேலே நான்கு ஐந்து மாடி. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வீடு வாங்குகிற சின்னப் பிள்ளைகள். இருபது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர்

விற்பனை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருக்கும் டீக்கடைக்கும், துணி இஸ்திரி போடுகிறவரிடமும் போங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்கள், இல்லை "இங்க வரலைங்க, அந்த முக்கு வரைக்கும்தான்" என்பார்கள். அந்த டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நான் நேரில் பார்த்தவன். படகில் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். மேற்கே ஆறு என்றால் கிழக்கே ஏரிகள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகும் பாதையில்தான் பல தெருக்கள் இருக்கின்றன.

முடிந்தால் ஒரு கனமழைக்கு மறுநாள் காலையில் போய் நில்லுங்கள். ஸ்டில்ட் தரை ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நான் இரண்டடிக்குக் குறைந்தால் யோசிப்பேன். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயரும், உங்கள் தரை உயராது. அப்படியே கரண்ட் மீட்டர் பெட்டிகள் எந்த உயரத்தில் வரப்போகின்றன, சம்ப்பின் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) வாய் தரை மட்டத்திலா, மேடை கட்டியா என்றும் கேளுங்கள். வெள்ளம் வந்த வருடம் பல ஃபிளாட்டுகளில் வீட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் மீட்டர் போர்டு மூழ்கி, சம்ப்பில் சாக்கடை கலந்து, லிஃப்ட் நின்றுபோய் ஜனங்கள் தவித்தார்கள்.

மே மாதம் தண்ணீர் எப்படி என்பதையும் பக்கத்து ஃபிளாட் வாட்ச்மேனிடம் கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை லாரி என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

பத்திரம், பங்கு, அளவு

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இவற்றை வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். வங்கி வக்கீல் பார்த்தாரே என்று விடாதீர்கள், அவர் வங்கிக்காகப் பார்க்கிறவர். இங்கே கட்டுபவை பாதிக்கு மேல் ஜாயின்ட் வென்ச்சர்தான். நிலம் பழைய வீட்டுக்காரருடையது, பில்டர் அவரிடம் பவர் (விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கி விற்கிறார். நிலத்துக்காரருக்கு எத்தனை வாரிசு, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதை மட்டும் வக்கீலிடம் தனியாக அழுத்திக் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஒரு சைட் மூன்றாவது தளம் வந்தபிறகு ஒரு மகளின் வழக்கால் இரண்டு வருடம் நின்றது. கம்பியெல்லாம் துருப்பிடித்தது. வாடகையும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டியவர்கள் சைட் வாசலில் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது வீடு எட்டுக்கு மேல் என்றால் ரெராவில் (வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு கட்டாயம். பதிவு எண்ணை வாங்கி தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அனுமதி வரைபடம், முடிக்கிற தேதி எல்லாம் அதில் இருக்கும். வரைபடத்தில் எத்தனை வீடு, விற்கிற பட்டியலில் எத்தனை வீடு என்று எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. "இந்த வாரம் 25 சதவீதம் கொடுத்தா சதுர அடிக்கு 200 ரூபா குறைக்கிறோம்" என்று சொன்னால் நைசாக மறுத்துவிடுங்கள்.

யுடிஎஸ் கணக்கை நீங்களே போட வேண்டும். யுடிஎஸ் என்பது நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு. கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. நாளைக்கு இடித்துக் கட்டும்போது உங்களுக்கு வரப்போவது இந்தப் பங்கை வைத்துத்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி நிலம். 18.30 மீட்டர் உயரத்துக்குள் உள்ள கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது நிலத்தின் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு அனுமதி. ஆக சுமார் 9,600 சதுர அடி கட்டலாம். 960 சதுர அடி வீடு பத்து என்றால் ஒவ்வொருவருக்கும் 480 வர வேண்டும். உங்கள் பத்திரத்தில் 390 என்று இருந்தால் மீதி எங்கே போனது? கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கி அதிகம் கட்டுகிறார்களா, ரோட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்களா, இல்லை பில்டர் பெயரில் நிறுத்தி வைத்திருக்கிறாரா? கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். எல்லா வீட்டு யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும். அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் போடும் சதுர அடியில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கும். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்குகிற தரை, எவ்வளவு என்று கேட்டு, விலையை அதால் வகுத்துப் பாருங்கள். பால்கனியும் வெளிச்சுவரும் அதில் சேராது, உள்சுவர் சேரும். அக்கா மகன் பார்த்த 1,050 சதுர அடி வீட்டில் கார்பெட் 735. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் 60 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கியபின் விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. பத்திரச் செலவு 2023 டிசம்பரில் மாறியது. புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்து, 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், இதோடு பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

கட்டடத்துக்குள் போவது

ஒப்பந்தம் எழுதும்போதே "மாதம் ஒருமுறை சைட்டைப் பார்வையிடலாம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒழுங்காகக் கட்டுகிற பில்டர் இதற்குத் தகராறு செய்ய மாட்டார். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள், சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வேலை நடக்கிற நாளில் போனால்தான் பிரயோஜனம்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2009-ல் ஒரு சைட்டில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தரைதளத் தூண் ஒன்றுக்குச் சென்ட்ரிங் (கலவை இறுகும்வரை பிடித்திருக்கும் பலகை) பிரித்தோம். அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கலவை இறங்கவே இல்லை. கலவையைக் குலுக்கி இறக்கும் வைப்ரேட்டரைச் சரியாகப் போடவில்லை. ஜல்லி ஜல்லியாகத் தெரிந்தது, என் மூன்று விரல் உள்ளே போனது. கம்பி கண்ணுக்குத் தெரிந்தது. சைட்டில் இதை ஹனிகோம் என்போம். என்ஜினீயரைக் கூப்பிட்டு, லூஸாக இருப்பதைக் கொத்தியெடுத்து, அதற்கென்று இருக்கும் கிரவுட் போட்டு நிரப்ப வேண்டும். முதலாளி வந்து பார்த்துவிட்டு "பூசிடுப்பா" என்றார். கொத்தனார் சிமெண்ட் பாலை அடித்து, கலவையை அப்பி, மட்டக்கோலால் இழுத்துவிட்டார். மறுநாள் காலையில் அந்தத் தூண் மற்ற தூண்களைவிட அழகாக இருந்தது. நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அந்த வீடுகளை வாங்கியவர்கள் யாரும் அதை எப்போதும் பார்க்கப்போவதில்லை. பூசுவதற்கு முன்னால் ஒருவர் வந்து எட்டிப்பார்த்திருந்தால் போதும்.

அதனால் சென்ட்ரிங் பிரித்த தூண்களின் அடியையும், தூணும் பீமும் சேரும் மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி கட்டியிருக்கும் நாளில் போனால், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சின்னச் சின்ன கவர் பிளாக் இருக்கிறதா பாருங்கள். அந்த இடைவெளி தூணுக்கு 40 மில்லிமீட்டர், தளத்துக்கு 20 இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஜல்லியை முட்டுக்கொடுத்திருந்தால் புகைப்படம் எடுத்து அன்றைக்கே என்ஜினீயருக்கு அனுப்புங்கள். தளத்தின் அடியில் பத்து வருடத்தில் கம்பி துருத்தி சிமெண்ட் பெயர்ந்து விழுகிறதே, அதற்கு இதுதான் பெரும்பாலும் ஆரம்பம்.

தளம் போடுகிற நாளில் ரெடிமிக்ஸ் லாரி பக்கத்தில் நில்லுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, பைப்பில் ஏறவில்லை என்று டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். வேலை சுலபமாகும், பலம் போய்விடும். க்யூப் டெஸ்ட் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஆறு அங்குல அகலமுள்ள இரும்பு அச்சில் கலவையை நிரப்பி வைப்பார்கள். 28 நாள் கழித்து அதை நசுக்கிப் பலம் பார்த்த முடிவைத் தரச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் கிரேடு எம்25 என்றால் சராசரி பலம் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டனுக்குக் குறையக்கூடாது.

மறுநாள் முதல் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும், தூண்களில் ஈரச்சாக்கு சுற்றியிருக்க வேண்டும். குறைந்தது ஏழு நாள், இப்போது பயன்படும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பத்து நாள். சித்திரை வெயிலில் சாக்கைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தால் தண்ணீர் விட ஆள் இல்லை என்று அர்த்தம்.

பூச்சுக்கு முந்தின வாரம்தான் மிக முக்கியமான வருகை. அரை நாள் லீவு போட்டாவது போங்கள். சுவரில் கரண்ட் பைப் போகிற வழி, தண்ணீர் பைப் போகிற வழி எல்லாம் திறந்து கிடக்கும். ஒவ்வொரு சுவரையும், டேப் வைத்து அளவு தெரிகிற மாதிரி, மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிவி மாட்ட, ஷெல்ஃப் அடிக்க ஆணி போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்திருக்கிறார்களா? இல்லையென்றால் முதல் வெயிலிலேயே நேர்கோட்டில் விரிசல் விடும்.

பாத்ரூம் தளம் பள்ளமாக விட்டிருக்கும். வாட்டர்புரூஃபிங் முடித்ததும், டைல்ஸ் போடும் முன், அதில் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கீழ்வீட்டுக்குப் போய் மேலே பாருங்கள். குரோம்பேட்டையில் என் அக்கா வீட்டில் இதைச் செய்யவில்லை. மேல்வீட்டு பாத்ரூம் தண்ணீர் அவள் பூஜை அலமாரி மேல் சொட்டியது. பில்டர் மூன்று தடவை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். கடைசியில் மேல்வீட்டு டைல்ஸ் முழுக்க உடைத்தார்கள், இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிற்று.

சாவி வாங்கும் நாள்

பணி நிறைவுச் சான்று இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு பக்கெட், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு கோலி, மொபைல் சார்ஜர், அளவு டேப் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். டொக்டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை. சாக்பீஸால் குறி போடுங்கள். பாத்ரூமிலும் பால்கனியிலும் கோலியை விடுங்கள், அது தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் உருள வேண்டும். பக்கெட் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் வாசற்படி தாண்டக்கூடாது. எல்லா பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஜன்னல் ஒவ்வொன்றையும் தாழ் போட்டுத் திறங்கள். கார்பெட்டை அளந்து பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

குறைகளைப் பட்டியலாக எழுதி, படத்தோடு ஈமெயிலில் அனுப்புங்கள். வாட்ஸப்பில் பேசிக்கொள்வது போதாது. வீடு கையில் வந்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்பது ரெரா சட்டம். அந்த 5 வருடம் தொடங்கும் தேதிக்கு ஆதாரம் சாவி கொடுத்த கடிதம்தான். அதில் தேதி போட்டு, இரண்டு தரப்புக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் அந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை அந்த சைட்டில் இரண்டாவது தளம் போடுகிறார்களாம். காலை ஏழு மணிக்கு லாரி வரும் என்றான். நானும் அவனோடு போகிறேன்.