காரை மாதக்கணக்கில் திறந்தவெளியில் நிறுத்தப் போகிறீர்களா? கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஒரு முறை எட்டு மாதம் காரை வெளியில் நிறுத்திவிட்டுப் போனேன். கெட்டியான பிளாஸ்டிக் தார்ப்பாயால் முழுக்கச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துப் பிடித்து வைத்துவிட்டு, இனி ஒரு சொட்டு மழை உள்ளே போகாது என்ற நிம்மதியோடு கிளம்பினேன். திரும்பி வந்து தார்ப்பாயை விலக்கினால் சீட் முழுக்கப் பூஞ்சை. பேட்டரி உயிரை விட்டிருந்தது. இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தால், பின்சக்கரம் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. மழை உள்ளே போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த ஈரம் வெளியே போகவும் நான் வழி விடவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த வேலையை ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: எங்கெல்லாம் ஈரம் தங்கும்? கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்கான பதில்தான். இரண்டு மூன்று வாரம்தான் நிற்கப் போகிறது என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். இரண்டு மாதத்தைத் தாண்டும் என்றால் ஒரு நாளை ஒதுக்கிச் செய்துவிடுங்கள்.

படி 1: இடம்

சிமென்ட் அல்லது தார் போட்ட தரை நல்லது. புல், மண் என்றால் அடியிலிருந்து ஈரம் இரவும் பகலும் ஏறிக்கொண்டே இருக்கும். சைலன்சர், பிரேக் குழாய், அடித்தகடு எல்லாம் துருப்பிடிக்கும். வேறு இடமே இல்லை என்றால் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைத் தரையில் போட்டு, அதன் மேல் சக்கரத்துக்கு ஒன்றாகப் பலகை வைத்து நிறுத்துங்கள். காய்ந்த புல் மேல் சூடான வண்டியை நேராகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். மர நிழல் ஆசை காட்டும். பிசின், பறவை எச்சம், முறிந்து விழும் கிளை என்று மூன்று வில்லங்கம் அதில் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: கழுவுவது, முக்கியமாகக் காய வைப்பது

பறவை எச்சமும் பூச்சிக் கறையும் பெயின்டை அரிக்கும். அவற்றை ஒரு வாரம் விட்டாலே தடம் விழும், மாதக்கணக்கில் விட்டால் கேட்கவே வேண்டாம். எனவே அடிப்பக்கம், சக்கர வளைவின் உட்புறம் உட்பட நன்றாகக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சேறு ஈரத் துணி மாதிரி. தகட்டோடு சேர்ந்து நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்த பிறகு ஒரு கோட் வேக்ஸ் போட்டுவிடுங்கள்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஓர் இடம். முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் வடியச் சின்ன வழிகள் உண்டு. சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைகளிலும் பெரும்பாலும் வடிகுழாய் இருக்கும். கதவுகளின் அடி விளிம்பிலும் துளைகள் இருக்கும். இலைச் சருகு இவற்றை அடைத்துக்கொண்டால் மழை நீர் தேங்கி, கடைசியில் காலடிக் கம்பளத்துக்கு வந்து சேரும். ‘கண்ணாடியெல்லாம் மூடித்தானே இருந்தது, தண்ணீர் எப்படி வந்தது?’ என்று தலையைச் சொறிபவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இங்கேதான் கிடைக்கும். சருகைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள்.

படி 3: எண்ணெயும் எரிபொருளும்

ஓடிய இன்ஜின் ஆயிலில் எரிபொருளின் எச்சமும் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் உள்ளே ஊறுவதை விட, கிளம்பும் முன்பே புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுவிடுவது மேல். ‘எப்படியும் ஓடப்போவதில்லையே, வந்து மாற்றிக்கொள்ளலாம்’ என்று தோன்றும். ஓடாமல் நிற்கும்போதுதான் அந்தப் பழைய ஆயில் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு, சரியான கூலன்ட் கலவையை ஊற்றுங்கள். துருவைத் தடுக்கும் ரசாயனம் அதில்தான் இருக்கிறது. குளிர் பிரதேசமானால் உறைந்து இன்ஜின் பிளாக்கே விரிசல் விடாமல் காப்பதும் அதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. அதை மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் டேங்கைக் கிட்டத்தட்ட நிரப்பி வையுங்கள். பாதி டேங்க் என்றால் மீதிப் பாதி காற்று. இரவுக் குளிரில் அந்தக் காற்றில் உள்ள ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து பெட்ரோலில் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த ஈரத்தை இன்னும் ஆசையாக இழுத்துக்கொள்ளும். போதாததற்கு, பெட்ரோல் சில மாதங்களில் தானாகவே கெட ஆரம்பித்துவிடும். ஃப்யூல் ஸ்டெபிலைசர் என்று ஒரு திரவம் கிடைக்கும், புட்டியில் போட்டுள்ள அளவுப்படி பெட்ரோலோடு ஊற்றிவிடுங்கள். டீசலுக்கும் டேங்க் நிறைய இருப்பதுதான் நல்லது, ஏனென்றால் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைத்துவிடும்.

படி 4: கடைசி ஓட்டம்

மேலே சொன்னதெல்லாம் முடிந்ததும் வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், ஊர்ந்து போகாமல் கொஞ்சம் வேகமாக. இந்த ஒரே ஓட்டத்தில் கழுவும்போது நனைந்த பிரேக் காய்ந்துவிடும், ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும், புது ஆயில் எல்லா இடமும் பரவும், சைலன்சருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். கடைசிப் பத்து நிமிடம் ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள். ஏசி காயிலில் ஒட்டியிருக்கும் ஈரம் காய்ந்துவிட்டால், திரும்பி வரும்போது அந்தப் புழுங்கல் நாற்றம் இருக்காது.

படி 5: டயரும் ஹேண்ட்பிரேக்கும்

ஒரே இடத்தில் நிற்கும் டயரின் அடிப்பாகம் தட்டையாகும். காற்றும் மாதத்துக்கு ஒன்று இரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும். அதனால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை விட ஐந்து பிஎஸ்ஐ போலக் கூடுதலாக அடித்து வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது. ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். மூடிய ஷெட்டில், கெட்டித் தரையில் அது சரி. திறந்தவெளியில், மழையில் இளகும் தரையில் செய்தால் ஒரு நாள் வண்டி சரிந்து கிடக்கும். டயருக்குப் பயந்து வண்டியையே பணயம் வைக்க வேண்டாம்.

ஹேண்ட்பிரேக் போடவே போடாதீர்கள். ஈரத்தில் பிரேக் ஷூவும் டிரம்மும் துருவோடு துருவாக ஒட்டிக்கொள்ளும். என் வண்டிக்கு நடந்தது அதுதான். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’), இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள சில வண்டிகள் இன்ஜினை அணைத்ததும் தாமாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அதை விடுவிக்கும் முறையை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து, பேட்டரியைக் கழற்றும் முன்பே செய்துவிடுங்கள்.

படி 6: பேட்டரி

நிறுத்தி வைத்த வண்டி தூங்குவதாக நாம் நினைக்கிறோம். கடிகாரம், அலாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் பூட்டு, இன்ஜின் கம்ப்யூட்டர் என்று ஒரு கூட்டமே உள்ளே விழித்திருக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியிலேயே இவை 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 50 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 37 நாளில் காலி. ஸ்டார்ட் ஆகாத நிலைக்கு அதற்கு முன்பே வந்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. உறைபனி விழும் இடமானால் காலி பேட்டரி உறைந்து வெடித்தே விடும், முழு சார்ஜ் உள்ள பேட்டரி அவ்வளவு சுலபமாக உறையாது.

ஆகவே கழற்றிவிடுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். வரிசைக்குக் காரணம் உண்டு: நெகட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. அது மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகும் ஸ்பானர் பக்கத்துத் தகட்டில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றச் சொல்லி யாரிடமாவது ஒப்படையுங்கள். சும்மா வைத்திருந்து அளந்தால் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால் அளவு, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. பேட்டரியை சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று ஒரு பயம் இன்னும் உலவுகிறது. அது பழைய காலத்துப் பெட்டிகளுக்குச் சொன்னது, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி இல்லாமல் ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் திறக்க வேண்டும். மின்சாரப் பூட்டு மட்டுமே உள்ள டிக்கி வெளியிலிருந்து திறக்காது. உங்கள் வண்டியில் பேட்டரியே டிக்கிக்குள் இருந்தால், மூடும் முன் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்பானரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நின்றவன் சொல்கிறேன்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களின் பெரிய பேட்டரி தனிக் கதை. பொதுவாகப் பாதி அளவு சார்ஜில் நிறுத்துவார்கள், மற்றபடி கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

படி 7: உள்ளே ஈரமும் வேண்டாம், எலியும் வேண்டாம்

பிஸ்கட் துணுக்கு, காகிதம், துணி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. வேக்குவம் போட்டு இண்டு இடுக்கெல்லாம் உறிஞ்சிவிடுங்கள், கம்பளத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல் பைகள் போதும். ஈரம் உறிஞ்சும் உப்பு நிரப்பிய டப்பா வைத்தால் அது உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீராகிவிடும். தட்டில் வைக்காவிட்டால் சீட்டில் கொட்டும். கதவு ரப்பர்களில் சிலிகான் ஸ்ப்ரே தடவினால் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

எலிக்கு இன்ஜின் அறை சொகுசு பங்களா. சைலன்சர் வாயிலும் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாயின் வாயிலும், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுருட்டி அடையுங்கள். அடைத்ததை உடனே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். இதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் செலவு எலி வைப்பதை விடப் பெரியது. வாசனை எண்ணெய் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, சில நாளில் மணம் போய்விடும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். எலி போகிறதோ இல்லையோ, அந்த நெடி சீட்டை விட்டுப் போகாது.

படி 8: கவர்

காற்று உள்ளே போய்வரும் துணிக் கவர் மட்டும்தான். மழை கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை, அது காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் என்ன செய்யும் என்று மேலே சொல்லிவிட்டேன். அளவும் சரியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடத்து, உள்ளே புகுந்த மணலோடு பெயின்டைத் தேய்த்தே எடுத்துவிடும். அடியில் பட்டை போட்டு இறுக்குங்கள். வைப்பர் ரப்பர் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க ஒரு மடித்த துணியை நடுவில் செருகுங்கள்.

நடுவில் யாரையாவது ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லலாமா?

‘வாரம் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால் அது வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் வராது, ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடுவதால் பேட்டரிக்கும் பெரிதாக சார்ஜ் ஏறாது. அரை மணி நேரம் சாலையில் ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டட்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம். மாதம் ஒருமுறை கவரைத் தூக்கிப் பார்த்து, சக்கரம் கால் சுற்று உருளும் அளவுக்கு வண்டியைத் தள்ளி வைத்தாலே பெரிய உதவி.

திரும்பி எடுக்கும்போது

கவரை அவிழ்த்ததும் சாவியைத் தேடாதீர்கள். ஸ்டியரிங்கில் கட்டிய காகிதத்தைப் படித்து, கம்பி நார் இரண்டையும் எடுங்கள். பானட்டைத் திறந்து எலிக் கூடு, கடித்த வயர், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் பாருங்கள். தரையில் சொட்டுத் தடம் இருக்கிறதா? ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவு சரியா? பேட்டரியை மாட்டி, டயர் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை உறும விடாமல் ஓரிரு நிமிடம் விடுங்கள், ஆயில் விளக்கு அணைய வேண்டும்.

முதலில் மெதுவாக நகர்த்தி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். டிஸ்க்கில் படிந்த மேல்துரு கரகரவென்று சத்தம் போடும், சில முறை மிதித்ததும் போய்விடும். டயரின் தட்டைப் பகுதியால் ஸ்டியரிங் லேசாக அதிரும். டயர் சூடேறியதும் அதுவும் அடங்கும். முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓடிய பிறகும் அதிர்வு அப்படியே இருந்தால், அந்த டயர் இனித் தேறாது, மாற்றிவிடுங்கள்.