வேர் ஈத் தடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் காய்கறி பயிரிடுவோர் சிலருடைய பாத்திகளை அண்மையில் பார்த்தபோது, வேர் ஈயை, அதாவது புழுப் பருவத்தில் பயிரின் வேரைத் தின்னும் ஈயைத் தடுப்பதில் பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை அங்கே மீண்டும் கண்டேன். களை எடுக்காமல் விடுவது, நாற்றை நெருக்கி நடுவது போன்றவற்றை அனுபவமே திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வாடலைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவது

மண் ஈரமாக இருந்தும் முட்டைக்கோசு நாற்று நண்பகலில் துவண்டு, இலைகளில் ஊதா நிறம் ஏறினால், முதலில் வேரைச் சந்தேகியுங்கள். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்.

பழைய பாத்தியின் மேல் வலை கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். முந்தைய ஆண்டு முள்ளங்கி விளைந்த பாத்தியிலேயே காலிஃபிளவர் நட்டு, நுண்கண் வலை போர்த்தி, விளிம்புகளை மண்ணில் புதைத்து, இனி ஓர் ஈயும் நுழையாது என்று நிம்மதியாக இருந்தேன். சில வாரங்களில் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிடித்து இழுத்தபோது சிறிதும் எதிர்ப்பின்றிக் கையோடு வந்த செடியில் பக்க வேர்களே இல்லை. அழுகிய தண்டின் அடியில் அரிசியைப் போன்ற வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. வலையின் உட்புறத்திலோ, வீட்டு ஈயைவிடச் சற்றுச் சிறிய சாம்பல் நிற ஈக்கள் அமர்ந்திருந்தன.

அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. முட்டைக்கோசு வேர் ஈயின் புழு, வேரைத் தின்று முடித்ததும் அருகிலுள்ள மண்ணுக்குள் நகர்ந்து, பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் ஈயாக மேலே வந்து, தண்டையொட்டிய மண்ணில் ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ள வெள்ளை முட்டைகளை இடுகிறது. முள்ளங்கியும் காலிஃபிளவரும் ஒரே கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அந்த ஈக்களுக்கு வேண்டிய பயிரை நானே அருகில் நட்டு, அவற்றின் இயற்கை எதிரிகளுள் பலவற்றை வலைக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். இடத்தை மாற்றி நட்ட பிறகே வலை கட்ட வேண்டும். மாற்ற இடமில்லையென்றால் அந்த ஆண்டு வேறு குடும்பப் பயிரை வையுங்கள்.

நெருக்கமாக விதைத்துவிட்டுக் கேரட்டைக் கலைப்பது

மிகுதியான நாற்றுகளைப் பிடுங்கும்போது கசங்கும் இலையின் மணம் கேரட் ஈயை அழைத்துவரும். விதைக்கும்போதே இடைவெளி விடுங்கள்.

மக்காத உரமிட்ட உடனே பீன்ஸ் விதைப்பது

முளைவிடும் விதையைத் தன் புழுப் பருவத்தில் தின்னும் விதை ஈ அத்தகைய மண்ணைத்தான் தேடி வருகிறது.

மண் முழுவதும் மருந்து ஊற்றுவது

தரையில் ஓடித் திரியும் வண்டுகள் வேர் ஈயின் முட்டைகளைத் தின்கின்றன; குட்டைச் சிறகு வண்டுகளில் ஒரு வகையின் புழு, கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே புகுந்து அதையே உண்டு வளர்கிறது. மருந்து இவற்றையும் கொன்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக, நடும் நாளிலேயே ஒவ்வொரு நாற்றின் அடியிலும் சுமார் 15 செ.மீ. அகலமுள்ள அட்டை வட்டத்தை மண்ணோடு படியும்படி பொருத்துங்கள். தண்டுக்கும் அட்டைக்கும் நடுவே இடுக்கு இருந்தால் ஈ அங்கேயே முட்டையிடும்.